குழந்தையை எடுத்து வளர்க்க ஆசை மட்டும் போதுமா? 'வளர்ப்புப் பராமரிப்பு' பெற்றோர் ஆக யாருக்குத் தகுதி, என்னென்ன சரிபார்ப்பாங்க?

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். உங்கள் போனுக்கும் அந்த மெசேஜ் வந்திருக்கலாம். "அப்பா, அம்மா ரெண்டு பேருமே கொரோனாவுல இறந்துட்டாங்க. கைக்குழந்தை தனியா இருக்கு. நல்ல குடும்பம் கிடைச்சா கொடுத்துடலாம். இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க." படித்தவர்களில் பலர் கண் கலங்கி, யோசிக்காமல் ஃபார்வர்டு செய்தார்கள். சிலர் அந்த நம்பருக்கே போன் போட்டார்கள்.

மனசு நல்ல மனசுதான். ஆனால் சட்டப்படி பார்த்தால் அந்த மெசேஜில் சொன்ன வேலை குற்றம். அந்த ஆண்டு ஜூன் மாதமே உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெற்றோரை இழந்த குழந்தைகளை முறைகேடாகத் தத்துக் கொடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. அனாதையான, கைவிடப்பட்ட ஒரு குழந்தையைச் சட்ட நடைமுறை இல்லாமல் தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையைக் காசுக்கு விற்றாலோ வாங்கினாலோ 81-வது பிரிவு வருகிறது. அதில் கடுங்காவல் தண்டனை 5 ஆண்டு வரை.

சரி, அப்படியானால் உண்மையிலேயே ஒரு குழந்தைக்கு வீடு கொடுக்க நினைப்பவர் என்ன செய்வது? தத்தெடுப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுதான் ஒரே வழி என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. அதற்குப் பெயர் வளர்ப்புப் பராமரிப்பு. ஆங்கிலத்தில் ஃபாஸ்டர் கேர். அதற்குள் நுழைய என்ன தகுதி வேண்டும், எப்படியெல்லாம் விசாரிப்பார்கள், அந்த விசாரணை எவ்வளவு பலமானது? பார்க்கலாம்.

ஒரே சொல், இரண்டு உறவு

குழப்பம் நம் மொழியிலேயே தொடங்குகிறது. 'வளர்ப்பு மகன்', 'வளர்ப்பு மகள்' என்றால் தமிழில் தத்துப்பிள்ளை என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். 'எடுத்து வளர்த்தாங்க' என்றாலும் அதேதான். அரசாணைகளில் வரும் 'வளர்ப்புப் பெற்றோர்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'ஓ, தத்தெடுப்பா' என்று தோன்றுவது இதனால்தான்.

சட்டம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. தத்தெடுத்தால் குழந்தை நிரந்தரமாக உங்கள் குழந்தை. பெயர், சொத்துரிமை, வாரிசு உரிமை எல்லாம் பெற்ற பிள்ளைக்கு எப்படியோ அப்படியே. பழைய குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு முடிந்துவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி இல்லை. குழந்தை உங்கள் வீட்டில் இருக்கும், நீங்கள் சோறு போடுவீர்கள், பள்ளிக்கு அனுப்புவீர்கள், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருப்பீர்கள். ஆனாலும் சட்டப்படி நீங்கள் பெற்றோர் இல்லை. குழந்தையை உங்களிடம் ஒப்படைப்பதும், தேவைப்பட்டால் திரும்ப அழைத்துக்கொள்வதும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு.

2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தையை, குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ, தகுதியான வேறொரு குடும்பத்தில் விடலாம் என்கிறது அது. ஒரு வருடம் வரை என்றால் குறுகிய காலம். அதைத் தாண்டினால் நீண்ட காலம். அது குழந்தைக்கு 18 வயது ஆகும்வரைகூட நீளலாம்.

எந்தக் குழந்தைகள் வருவாங்க?

'குட்டிப் பாப்பா கிடைக்கும்' என்ற நினைப்போடு யாராவது விண்ணப்பிக்கப் போனால் ஏமாற்றம்தான். 6 வயதுக்குக் கீழே உள்ள, சட்டப்படி தத்துக்குத் தகுதியான குழந்தைகளுக்கு நிரந்தரக் குடும்பம் தேடித் தருவதுதான் முதல் வேலை என்கிறது விதி. வளர்ப்புப் பராமரிப்பு பெரும்பாலும் 6 வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கானது.

அப்பா சிறையில் இருப்பார், அம்மா இருக்க மாட்டார். அல்லது அம்மாவுக்குத் தீராத நோய் வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருப்பார். வீட்டுக்குள்ளேயே அடிபட்ட குழந்தை, பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை, பெற்றோர் மனநல பாதிப்பில் இருக்கும் குழந்தை, வெள்ளத்திலோ விபத்திலோ குடும்பத்தை இழந்த குழந்தை. இல்லத்தில் கொண்டுவந்து விட்டபின் ஒரு வருடத்துக்கும் மேலாக யாரும் வந்து பார்க்காத குழந்தைகளும் உண்டு. தத்துக்குத் தகுதி இருந்தும் 'வயசு அதிகம்', 'உடல் குறைபாடு' என்று யாரும் எடுக்க முன்வராதவர்களும் இந்த வரிசையில் வருகிறார்கள்.

இதில் பல குழந்தைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயம்தான் மொத்தத் திட்டத்தையும் தத்தெடுப்பிலிருந்து வேறாக்குகிறது.

வயதுக் கணக்கு: கூட்டிப் பாருங்க

இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் முதலில் 2016-ல் வெளியிட்டது. அப்போது கணவன், மனைவி சேர்ந்து மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இருவரும் இந்தியக் குடிமக்களாக, இருவருமே 35 வயதைத் தாண்டியவர்களாக இருக்க வேண்டும். தனி ஆளாக வாழ்பவர் எவ்வளவு வசதியும் மனசும் உள்ளவராக இருந்தாலும் கதவு மூடியிருந்தது.

2024-ல் நெறிமுறைகளைத் திருத்தினார்கள். இப்போது திருமணம் ஆகாதவர், கணவனையோ மனைவியையோ இழந்தவர், விவாகரத்து ஆனவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் என யாரும் விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் பெண் ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டில் எதையும் வளர்க்கலாம். தனியாக வாழும் ஆணிடம் பெண் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள்.

தனிநபருக்குக் குறைந்தபட்ச வயது 35. மேல் வரம்பு, வளர்க்கப்போகும் குழந்தையின் வயதைப் பொறுத்தது: 6 முதல் 12 வயதுக் குழந்தை என்றால் விண்ணப்பதாரருக்கு 55 வரை, 12 முதல் 18 வயதுப் பிள்ளை என்றால் 60 வரை.

தம்பதி என்றால் இருவர் வயதையும் கூட்ட வேண்டும். மொத்தம் 70-க்குக் குறையக் கூடாது. கணவருக்கு 40, மனைவிக்கு 36 என்றால் 76, பிரச்னை இல்லை. இருவருக்குமே 34 என்றால் 68. இன்னும் ஒரு வருடம் பொறுக்கணும். அதோடு குறைந்தது 2 ஆண்டு நிலையான திருமண வாழ்க்கை இருந்திருக்க வேண்டும். 'கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது, சும்மா முயற்சி பண்ணிப் பார்ப்போம்' என்பதெல்லாம் நடக்காது. புதுசாகச் சேர்ந்த இருவர் தங்களுக்குள்ளேயே இன்னும் பழகிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த குழந்தையை அங்கே அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த விதியின் நியாயம் புரியும்.

வீட்டுக்கு வருபவர்கள் என்னென்ன கேட்பாங்க?

விண்ணப்பம், ஆதார், வருமானச் சான்று, முகவரிச் சான்று, திருமணச் சான்று அல்லது விவாகரத்துத் தீர்ப்பு நகல் இதெல்லாம் எந்த அரசு அலுவலகத்திலும் கேட்பவைதான். நிஜமான பரீட்சை அதற்குப் பிறகு வருவது. அதற்குப் பெயர் இல்ல ஆய்வு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலரோ சமூகப் பணியாளரோ வீட்டுக்கு நேரில் வருவார்கள். இளைஞர் நீதி விதிகளில் இதற்கென்றே தனிப் படிவம் உண்டு, படிவம் எண் 30.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு தம்பதி. அவர் தனியார் கம்பெனியில் கணக்காளர், அவங்க டெய்லரிங் கடை வைத்திருக்கிறாங்க. சொந்தப் பிள்ளை ஒன்று, எட்டாவது படிக்கிறான். மாமியாரும் கூடவே இருக்கிறார். இரண்டு படுக்கையறை வாடகை வீடு. இவர்கள் ஒரு குழந்தையை வளர்க்க விண்ணப்பித்திருக்கிறார்கள்.

வாடகை வீடு என்பதால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது. வருகிற குழந்தைக்குப் போதுமான இடமும் அடிப்படை வசதியும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கார் இருக்கா, ஏசி இருக்கா என்று யாரும் கேட்கப்போவதில்லை. குழந்தை எங்கே தூங்கும், யாரோடு தூங்கும், எங்கே உட்கார்ந்து படிக்கும் என்று கேட்பார்கள். வருமானம் விஷயத்திலும் இப்படித்தான். பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. வருகிற குழந்தையின் தேவையைச் சமாளிக்கும் அளவு நிலையான வருமானம் இருந்தால் போதும்.

அடுத்தது மருத்துவச் சான்று. இங்கேதான் பலர் ஆச்சரியப்படுவார்கள். விண்ணப்பிக்கும் இருவருக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் வசிக்கும் எல்லோருக்கும் பரிசோதனை உண்டு. நம் உதாரணத்தில் மாமியாருக்கும், எட்டாவது படிக்கும் பையனுக்கும் சேர்த்து. காசநோய், ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. பரிசோதனைகளை 2016 நெறிமுறைகள் பெயர் சொல்லியே கேட்டன. காசநோய்ப் பரிசோதனை கேட்பதில் அர்த்தம் இருக்கிறது, காற்றில் பரவும் நோய். சேர்ந்து வாழ்வதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது என்று அரசே முப்பது வருடமாக விளம்பரம் செய்துவிட்டு, அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

அப்புறம் அக்கம்பக்கம். நண்பர்கள், அண்டை வீட்டார், சுற்றியிருப்பவர்களோடு நல்ல தொடர்பில் இருக்கும் குடும்பமா என்பதும் தகுதியில் ஒன்று. 'நாங்க யார் வம்புக்கும் போறதில்ல, கதவைச் சாத்திக்கிட்டு எங்க வேலையைப் பார்ப்போம்' என்பது அபார்ட்மென்ட் வாழ்க்கையில் பெருமை. இங்கே அது ஒரு கேள்விக்குறி. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும் வீட்டுக்குள் ஒரு குழந்தை அழுதால் வெளியே யாருக்கும் கேட்காது.

இதையெல்லாம் விட முக்கியமானது, 44-வது பிரிவே சொல்கிற ஒரு சொல்: நோக்கம். குடும்பத்தைத் தேர்வு செய்யும்போது அதன் திறன், நோக்கம், குழந்தை வளர்த்த முன் அனுபவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். திறனைச் சம்பள ரசீது காட்டிவிடும். நோக்கத்தை எந்தச் சான்றிதழும் காட்டாது.

ஏன் இந்தக் குழந்தை வேண்டும்? வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறதா? டெய்லரிங் கடையில் பட்டன் கட்ட, காஜா எடுக்க ஒரு கை வேண்டுமா? ஒரே பிள்ளை தனியா இருக்கான், விளையாட்டுத் துணை வேண்டும் என்பதற்காகவா? இறந்துபோன குழந்தையின் இடத்தை நிரப்பவா? இதில் முதல் இரண்டும் நேரடியாகவே குழந்தைத் தொழிலாளர் விவகாரம். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்த 2016 திருத்தம் அமலில் இருக்கும் நாட்டிலும், 'ஊர்ல இருந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து படிக்க வைக்கிறோம்' என்ற பெயரில் பாத்திரம் தேய்க்க வைக்கும் வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைசி இரண்டும் குற்றமில்லை. ஆனாலும் அதற்காக வருகிற குழந்தை, வேறு யாருக்கோ தைத்த சட்டையைத்தான் காலம் முழுக்கப் போட வேண்டியிருக்கும்.

அதனால்தான் ஆய்வுக்கு வருபவர் வீட்டில் உள்ள எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது. நம் உதாரணத்தில் எட்டாவது படிக்கும் பையனின் பதில் பெற்றோரின் பதிலைவிட முக்கியமாக இருக்கலாம். அவன் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் வருகிற குழந்தையின் நாட்கள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. அதிகாரிகள் கேட்பதல்ல, விண்ணப்பிப்பவர்களும் அவர்களின் உறவினர்களும் கேட்பது. "குழந்தை என்ன ஆளுங்க?" சமத்துவமும் பாகுபாடின்மையும் இந்தச் சட்டத்தின் 3-வது பிரிவிலேயே அடிப்படைக் கொள்கைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. இந்தக் கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்கும் வீட்டை இல்ல ஆய்வு எப்படி மதிப்பிட வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

போலீஸ் சரிபார்ப்பு: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

விண்ணப்பிப்பவர் எந்தக் குற்ற வழக்கிலும் தண்டனை பெற்றவராகவோ, குற்றம் சாட்டப்பட்டவராகவோ இருக்கக் கூடாது. விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பின்னணிச் சோதனையின் மையப் புள்ளி இதுதான்.

ஆனால் போலீஸ் ஆவணத்தில் பெயர் இல்லை என்பதால் அந்த ஆள் ஆபத்தில்லாதவர் என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆவணம் காட்டுவது, ஏற்கெனவே யாரோ துணிந்து புகார் கொடுத்து, அது வழக்காகப் பதிவான சம்பவங்களை மட்டும்தான். போக்சோ வழக்குகளைப் பற்றித் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் அறிக்கையில் மாறாமல் வரும் ஒரு தகவல் இருக்கிறது: பெரும்பாலான வழக்குகளில் குற்றம் செய்தவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். 'குடும்ப மானம் போயிடும்' என்று அமுக்கப்பட்ட சம்பவம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது.

பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் ஒன்றை மத்திய அரசு 2018 செப்டம்பரில் தொடங்கியது. அதைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. காவல் துறை, புலனாய்வு அமைப்புகளுக்கு மட்டுமே திறக்கும். குழந்தைகள் நலக் குழுவோ பாதுகாப்பு அலகோ காவல் துறை வழியாகக் கேட்டுத்தான் விவரம் பெற முடியும். ஆக, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா என்பது அந்த மாவட்ட அதிகாரிகளின் அக்கறையில் நிற்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சரிபார்ப்பு விண்ணப்பிப்பவரின் பெயரில் நடக்கும். வீட்டுக்கு வாரம் மூன்று முறை வந்து தங்கும் சித்தப்பாவின் பெயரில் நடக்காது. மருத்துவச் சோதனையில் வீட்டில் வசிக்கும் எல்லோரையும் சேர்த்த அதே கவனம் இதிலும் வேண்டும். வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதை இல்ல ஆய்வில் கேட்டு எழுதாவிட்டால், போலீஸ் சான்றிதழ் வெறும் காகிதம்தான்.

மாதம் 4,000 ரூபாய்: அதிகமா, குறைவா?

மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கப்படுகிறது. முன்பு இது 2,000 ரூபாயாக இருந்தது. மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக் கொடுக்கும் பணம் இது.

'காசுக்காக வருவாங்களே' என்ற சந்தேகம் உடனே எழும். ஒரு வளரும் பிள்ளைக்குப் பால், முட்டை, பள்ளி வேன், நோட்டு, துணி, டாக்டர் ஃபீஸ் என்று கணக்குப் போட்டால் 4,000 எங்கே மிச்சப்படப்போகிறது? உண்மையில் கேள்வி வேறு. நல்ல மனசும் குறைந்த வருமானமும் உள்ள குடும்பம் இந்தத் தொகையை நம்பி இறங்கலாமா? மாதாமாதம் சரியாக வந்தால் இறங்கலாம். நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வந்தால், நடுவில் வருகிற பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது?

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு திட்டம் உண்டு. பெற்றோரை இழந்த குழந்தையைத் தாத்தா, பாட்டியோ சித்தியோ வளர்த்தால் அவர்களுக்குக் கிடைப்பது நிதி ஆதரவு. அது தனி. அதற்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு: கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைப்பதும் இதுபோலச் சொந்தங்களிடம் வளரும் குழந்தைகளுக்கு உதவத்தான். உறவே இல்லாத ஒரு குடும்பம் விண்ணப்பித்து, ஆய்வில் தேறி, குழந்தையை வாங்கி வளர்ப்பது வேறு கதை.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு

ஆர்டர் கையில் கிடைத்ததும் சோதனை முடிந்தது என்று நினைத்தால் தப்பு. மாதம் ஒரு முறை குழந்தைகள் நலக் குழு வீட்டை ஆய்வு செய்ய வேண்டும் என்று 44-வது பிரிவு சொல்கிறது. கவனிப்பில் குறை தெரிந்தால் குழந்தையை அங்கிருந்து எடுத்து வேறு குடும்பத்தில் விடலாம். குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 75-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

எழுத்தில் பார்த்தால் இதைவிடக் கண்டிப்பான ஏற்பாடு இருக்க முடியாது. நடைமுறை என்ன? ஒரு குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். மாதத்தில் குறைந்தது 20 நாள் அவர்கள் அமர்வு நடத்த வேண்டும். ரயில்வே ஸ்டேஷனில் மீட்கப்பட்ட குழந்தை, குழந்தைத் திருமணத்தில் மீட்கப்பட்ட சிறுமி, போக்சோவில் பாதிக்கப்பட்டவர், இல்லத்தில் பிரச்னை என்று மாவட்டம் முழுவதிலும் இருந்து வரும் எல்லாவற்றையும் பார்ப்பது இதே ஐந்து பேர்தான். இதற்கு நடுவே ஒவ்வொரு வளர்ப்புக் குடும்பத்துக்கும் மாதம் ஒரு முறை போக வேண்டும். பத்து குடும்பம் இருந்தால் முடியலாம். நூறு குடும்பம் ஆனால்? குழந்தைகளை இல்லங்களிலிருந்து வீடுகளுக்கு மாற்ற வேண்டும் என்று அரசு உண்மையிலேயே விரும்பினால், ஆய்வுக்குப் போகும் ஆட்களின் எண்ணிக்கையும் கூடவே உயர வேண்டும். தகுதி விதிகளைத் தளர்த்திய 2024 நெறிமுறைகளைப் பற்றிப் பேசும்போது அதிகம் பேசப்படாத பகுதி இது.

வளர்க்கும் குடும்பத்துக்கும் சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அதில் போன் கையில் இருப்பவர்கள் அதிகம் தவறக்கூடியது ஒன்று. புதுச் சட்டை போட்டு, கேக் வெட்டி, 'எங்க வீட்டுக்கு வந்த தேவதை' என்று ஸ்டேட்டஸ் வைப்பது, ரீல்ஸ் போடுவது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை எந்த வகையான தகவல் தொடர்பிலும் வெளியிடக் கூடாது என்கிறது 74-வது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் குழந்தை யாரிடமிருந்து மீட்கப்பட்டதோ அவரும் இன்ஸ்டாகிராமில் இருக்கலாம் அல்லவா?

சொந்த அப்பா, அம்மா வந்து பார்ப்பது இன்னொரு விஷயம். பெற்றோரால் கவனிக்க முடியவில்லை என்பதற்காக வந்த குழந்தை என்றால், அவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. குழந்தைக்கு நல்லதல்ல என்று குழு நினைத்தால் மட்டுமே, காரணத்தை எழுதிவைத்து, தடுக்கலாம். பெற்றோர் தேறிவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் குழந்தை வீடு திரும்பும். அண்ணன், தங்கை என்று வந்தால் கூடுமானவரை ஒரே வீட்டில்தான் விட வேண்டும். ஒரு குழந்தைக்குத் தயாரானவர்களிடம் இரண்டு பேர் வந்து நிற்கலாம்.

இரண்டு வருடத்தில் தத்தெடுக்கலாமா?

எடுக்கலாம், வழி இருக்கிறது. முன்பு ஒரு குழந்தையை 5 ஆண்டு வளர்த்த பிறகுதான் தத்தெடுக்கக் கேட்க முடியும். இப்போது அது 2 ஆண்டு. அதற்கும் குழந்தை சட்டப்படி தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த மாற்றத்தை வரவேற்றவர்களே அதிகம். இரண்டு வருடம் ஒரே வீட்டில் வேர் பிடித்த குழந்தையைப் பிடுங்கி இன்னொரு வீட்டில் நடுவதைவிட இது மேல்.

இதில் ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. தத்தெடுப்பு வரிசையில் காத்திருந்து சலித்தவர்கள் இதை ஒரு குறுக்குவழியாகப் பார்க்கத் தொடங்கலாம். அப்படி வருபவரின் மனசு முதல் நாளிலேயே 'இது என் பிள்ளை' என்று முடிவு செய்துவிடும். ஆறு மாதம் கழித்து சிறையிலிருந்து வெளியே வந்த அப்பா, திருந்தி, வேலை தேடிக்கொண்டு, 'என் மகளைப் பார்க்கணும்' என்று வாசலில் நின்றால் அந்த வீடு அவரை எப்படி நடத்தும்? வளர்ப்புப் பராமரிப்புக்கு வருகிற விண்ணப்பதாரரிடம் கேட்க வேண்டிய மிகக் கடினமான கேள்வி இதுதான்: "திருப்பிக் கொடுக்கச் சொன்னா கொடுப்பீங்களா?" இதற்கு உடனே 'கொடுத்துடுவோம் சார்' என்பவரைவிட, கொஞ்ச நேரம் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பவரை நம்பலாம் போலிருக்கிறது.

எங்கே தொடங்குவது?

மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் இணையதளத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கும் ஆன்லைனில் பதிவு செய்யும் வசதியை 2024 நெறிமுறைகள் கொண்டுவந்தன. ஆன்லைன் குழப்பமாக இருந்தால் நேரடியாக உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் இந்த அலகு உண்டு. இடைத்தரகர், 'எனக்கு ஆள் தெரியும்' என்பவர், 'டொனேஷன் கொடுத்தா சீக்கிரம் கிடைக்கும்' என்று சொல்லும் இல்லம், யாருக்கும் இதில் இடமில்லை. அப்படி யாராவது பணம் கேட்டால் அதுவே புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

அந்த வாட்ஸ்அப் மெசேஜ் மறுபடி வந்தால்? ஃபார்வர்டு செய்யாதீங்க. 1098-க்குப் போன் போடுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. மெசேஜில் உள்ள நம்பரையும், எந்த ஊர் என்று போட்டிருக்கிறதோ அதையும் சொன்னால் போதும். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை.